அனைவரிடமும் என்ற சொல்

பத்திரிகை அலுவலகத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இருபத்தேழு வருடங்களாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் கட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இறந்தவர்களின் அறிவிப்பை வாங்கி, கறுப்புக் கோடு போட்ட கட்டத்துக்குள் அடக்குவது அவள் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். கால் வீக்கத்தைப் பார்த்தால் அதற்குள் தானே ஒரு கட்டத்துக்குள் போய்விடுவோம் போலிருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வேலை கடினம் என்று சொல்ல முடியாது. ஆனால் வருகிறவர்கள் தாளை மட்டும் நீட்டிவிட்டுப் போவதில்லை. எப்படி நடந்தது, கடைசியாக என்ன கேட்டார், டாக்டர் காலையில் என்ன சொன்னார், மாலையில் என்ன சொன்னார் என்று முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் தாள் கைக்கு வரும். மதியத்துக்குள் காது நிரம்பிவிடும். வீட்டுக்குப் போனால் கணவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். டீயை முன்னால் வைத்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைப்பார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்ட மிகப் பெரிய அன்பு அது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் அறிவிப்பில் 'அன்னாரின் ஒரே மகன்' என்று வந்துவிட்டது. மறுநாளே இரண்டாவது ஒரே மகன் பிறப்புச் சான்றிதழோடு வந்து நின்றார். அதற்கடுத்த வாரம் பத்திரிகைக்கு வக்கீல் நோட்டீஸ். அதிலிருந்து தப்பித்த பிறகு, மூன்றாம் மாடியில் இருந்த சட்ட ஆலோசகர், எல்லோரும் வக்கீல் என்று கூப்பிடுகிறவர், ஒரு சுற்றறிக்கை விட்டார். இனி ஒவ்வொரு அறிவிப்பையும் வரி வரியாகப் பிரிக்க வேண்டும். ஒன்று செய்தி, இன்னொன்று உணர்ச்சி. செய்தியென்றால் சிவப்புப் பென்சிலில் கோடு போட்டு ஆதாரம் கேட்க வேண்டும். உணர்ச்சியென்றால் நீலப் பென்சில். உறவினர் இருவர் கையெழுத்து போதும்.

எழுதுகிறவருக்கு எளிது. சன்னலில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தானே தலைவலி. பெயர், வயது, தேதி எல்லாம் சிவப்பு, சந்தேகமில்லை. 'ஈடு செய்ய முடியாத இழப்பு' நீலம், அதுவும் சரி. நடுவில் இருப்பவைதான் உயிரை வாங்கின. 'நீண்ட நாள் நோய்வாய்ப்பட்டிருந்து' என்றால் எத்தனை நாள் நீண்ட நாள்? 'அமைதியாக உயிர் நீத்தார்' என்றால் யார் பக்கத்தில் இருந்து பார்த்தது?

இதையெல்லாம் மதியச் சாப்பாட்டு மேசையில் கிளறுவதற்கென்றே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வக்கீல். இன்னொருவர் பிழை திருத்துகிறவர். முதுகு வளைந்து வளைந்து காற்புள்ளி மாதிரியே ஆகிவிட்டதால் அவருக்குக் காற்புள்ளி என்றே பெயர்.

"'இறைவனடி சேர்ந்தார்'னு போடறோமே, அதுக்கு என்ன ஆதாரம் வாங்கறது?" என்று ஆரம்பிப்பார் காற்புள்ளி. "வந்து சேர்ந்தாச்சுன்னு மேலேருந்து ரசீது வருமா?"

"அது வழக்குச் சொல்லுய்யா. செத்துட்டார்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"அப்ப கடவுளே இல்லன்னு சொல்லிட்டிருந்தவருக்கும் அப்படியே போடலாமா?"

வக்கீல் மெல்லுவதை நிறுத்திவிட்டு யோசிப்பார். அவர் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. "நல்லவர்னு எழுதறாங்களே, அதை எடுத்துக்கோங்க. அது செய்தியே இல்ல. கால்ல முள்ளு குத்தினா 'ஆ'ன்னு கத்தறோம். அந்த 'ஆ' உண்மையா, பொய்யா? ரெண்டும் கிடையாது. நல்லவர்ங்கறதும் ஒரு 'ஆ'தான். கொஞ்சம் மரியாதையான 'ஆ'."

"அப்படின்னா அதுக்கு ஏன் அடிச்சிக்கறாங்க? நான் 'ஆ'ன்னா, நீங்க 'இல்ல, அது ஆ இல்ல'ன்னு சண்டைக்கு வருவீங்களா? ஒருத்தன் நல்லவர்ங்கறான், இன்னொருத்தன் இல்லவே இல்லங்கறான். எதையோ பத்தித்தானே ரெண்டு பேரும் பேசறாங்க."

"ரெண்டு பேரும் அவங்கவங்களைப் பத்திப் பேசறாங்க."

இப்படியே இரண்டு வருடம் ஓடியிருந்தது. அவ்வப்போது இருவரும் தீர்ப்புக் கேட்பதுபோல் கட்டம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். "எனக்கு சோறு ஆறுது" என்பாள் அவள். வாதத்தில் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் ஒரு மணிக்குச் சன்னலைத் திறக்கப்போவது அவள்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு லிப்ட் மெக்கானிக் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் முடி இல்லை, நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறிவிட்டார், அடக்கமும் நேற்றே முடிந்துவிட்டது என்றார். அதிசயமாக வேறெதுவும் சொல்லவில்லை. அதற்காகவே கட்டம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. தாளில் அப்பாவின் பெயர், வயது, பள்ளிக்கூட வண்டி ஓட்டுநராக நாற்பது வருடம் வேலை பார்த்தது, கடைசியாக 'அனைவரிடமும் அன்பு காட்டியவர்' என்ற வரி. சிவப்புக்கு ஆதாரம் இருந்தது. கடைசி வரிக்கு நீலக் கோடு போட்டாள். அந்த வரிக்கு இதுவரை எத்தனை ஆயிரம் முறை கோடு போட்டிருப்பாளோ, கை தானாகவே போட்டது. மெக்கானிக்கின் கையெழுத்தும் அவர் மனைவியின் கையெழுத்தும் இருந்தன. முத்திரை குத்தி அவரை அனுப்பிவிட்டாள்.

இரண்டரை மணிக்கு ஒரு பெண் வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. தோள்பையை இறக்கி வைக்காமலே, ஓட்டுநரின் பெயரைச் சொல்லி, "இவருக்கு அறிவிப்பு குடுத்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

"நீங்க?"

"பொண்ணு." அடையாள அட்டையை எடுத்து வைத்தாள். அப்பா பெயர் பொருந்தியது. "பழைய பக்கத்து வீட்டுக்காரங்க இன்னைக்குக் காலையிலதான் சொன்னாங்க. தம்பி என்ன எழுதியிருக்கான்னு பார்க்கணும்."

கட்டம்மா தாளைக் கண்ணாடி மேல் ஒட்டிக் காட்டினாள். அந்தப் பெண் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"கடைசி வரி பொய். அதை எடுங்க."

"அது உணர்ச்சிம்மா. நீலக் கோடு போட்டிருக்கேன் பாருங்க. அதுக்கு ஆதாரம் கேக்கறதில்ல."

"அன்பு உணர்ச்சிதான், ஒத்துக்கறேன். அனைவரிடமும்ங்கறது எப்படி உணர்ச்சி ஆகும்? அது தலைக்கணக்கு. நான் ஒரு தலை. புருஷன் வேண்டாம்னு ஒரு பெட்டியோட வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்தினார். பத்தொன்பது வருஷம் என்கூட ஒரு வார்த்தை பேசல." குரல் உயரவில்லை, பழகிப்போன ஒரு விவரத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். "நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை செய்யறேன். எல்லா அளவும் சரியா இருக்குன்னு ரிப்போர்ட் எழுதினா, எல்லாம்னா எல்லாம்தான். ஒண்ணே ஒண்ணு தப்பா இருந்தாலும் அந்த வரி பொய்."

அந்தப் பெண் சொன்னது சரியாக இருந்ததுதான் சங்கடம். இருபத்தேழு வருடத்தில் அந்த வரியை ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. மூன்றாம் மாடிக்குப் போன் செய்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் வக்கீலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பலமான வாதம்! ஆனா பதில் இருக்கு. மீட்டிங்ல 'எல்லாரும் வந்தாச்சா'ன்னு கேட்டா உலகத்துல இருக்கற எல்லாருமா? வர வேண்டிய எல்லாரும். அதே மாதிரி, அனைவரும்னா அவர் அனைவர்ல சேர்த்துக்கிட்டவங்க எல்லாரும். அப்படிப் பார்த்தா அந்த வரி பொய்யே இல்ல. போய்ச் சொல்லுங்க."

கட்டம்மா போனை வைத்துவிட்டு, கேட்டதை அப்படியே ஒப்பித்தாள். முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

அந்தப் பெண் கண்ணாடிக்குள் தெரிந்த தாளை மறுபடி பார்த்தாள். "சரிதான். நான் அந்த அனைவர்ல இல்லன்னா அந்த வரி உண்மை. இருந்தா பொய்."

"அம்மா, நான் அப்படி..."

"நீங்க ஒண்ணும் தப்பா சொல்லல. உண்மையா இருக்கறதுக்கு நான் வெளியில நிக்கணும். அவ்வளவுதானே?" அப்போதுதான் தோள்பையை இறக்கி நாற்காலியில் வைத்தாள். "அவனைக் கூப்பிடுங்க. அவன் வந்து என் முகத்தைப் பார்த்து அந்த வரியைப் படிக்கட்டும்."

மெக்கானிக் வந்தபோது மணி நாலு ஆகப் பத்து நிமிடம். சீருடை, கையில் கருவிப்பை. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா."

அவள் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "முடியெல்லாம் எங்கடா?"

"போயிடுச்சு." தலையைத் தடவிக்கொண்டார். "பத்து வருஷம் ஆச்சு."

கட்டம்மா கதவைத் திறந்து இருவரையும் உள்ளே இருந்த சின்ன அறையில் உட்கார வைத்தாள். மேசை, மூன்று நாற்காலி, ஓடாத ஒரு மின்விசிறி, இவ்வளவுதான் அந்த அறையில். ஐந்து மணிக்குப் பக்கம் முடிய வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தாள்.

"எனக்கு ஏன் சொல்லல?" என்றாள் அக்கா.

"நம்பர் இல்லக்கா. பழைய நம்பருக்குப் போட்டேன், யாரோ எடுத்தாங்க."

அவள் தாளைத் தம்பி பக்கம் தள்ளினாள். "இந்த வரியை எடு."

"எல்லாரும் எழுதறதுதானக்கா. சும்மா ஒரு இதுக்கு."

"சும்மான்னா எடுக்க வேண்டியதுதானே."

"எடுத்தா என்ன மிச்சம்? பேரு, வயசு, தேதி. லிப்டுக்குள்ள ஒட்டற தகடு மாதிரி இருக்கும். இத்தனை பேர் ஏறலாம், இத்தனை கிலோ தாங்கும்னு." மெக்கானிக் கருவிப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். "நாற்பது வருஷமா எத்தனை பிள்ளைங்களை ஏத்தி இறக்கியிருக்கார். நேத்து வந்து நின்னாங்க, பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் அழுதாங்க. அதெல்லாம் பொய்யா?"

"அது பொய்யின்னு நான் சொன்னேனா? 'பிள்ளைகளிடம் அன்பு காட்டியவர்'னு போடு. நான் கையெழுத்து போடறேன்."

பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. கட்டம்மாவுக்குக் கால் வலித்தது. இருவரில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது அவளுக்கு. நாலரைக்கு, பக்கத்தைச் சரிபார்க்கக் காற்புள்ளி இறங்கி வந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தவர் கதவோரம் நின்றுகொண்டார்.

"இந்த ஒரு வரியில ஏண்டா இப்படிப் பிடிச்ச பிடியா நிக்கற?" என்றாள் அக்கா.

மெக்கானிக் ஜிப்பை விட்டார். "அது நான் எழுதினது இல்லக்கா. அப்பா சொன்னது."

"என்ன சொன்னார்?"

"வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியில. அறிவிப்பு போடுவியான்னு கேட்டார். போடுவேன்ப்பா, இப்ப எதுக்கு அதுன்னேன். 'எல்லார்கிட்டயும் அன்பா இருந்தேன்னு போடு'ன்னார்."

"அவரேவா?"

"அவரேதான். நான் சும்மா இருந்திருக்கலாம். அக்காகிட்டயுமான்னு கேட்டேன்."



"அதுக்கு?"

"ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் மேல பார்த்துட்டிருந்தார். அப்புறம், 'எல்லார்கிட்டயும்னு போடு'ன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் தூங்கிட்டார்."

அக்கா மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு ஆமான்னு அர்த்தமா, இல்ல வாயை மூடுன்னு அர்த்தமா?"

"தெரியலக்கா. நானும் அஞ்சு நாளா யோசிக்கறேன்."

மூன்றாம் மாடிக்குப் போன் செய்திருந்தால் வக்கீல் இதற்கும் ஒரு விளக்கம் சொல்லியிருப்பார். கட்டம்மா செய்யவில்லை. இன்னொரு விளக்கத்தைத் தூக்கிச் சுமந்துவந்து அந்த மேசைமேல் வைக்க அவளுக்குத் தெம்பில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அவர் எல்லார்கிட்டயும் அன்பா இருந்தாரான்னு நமக்குத் தெரியாது. அப்படிச் சொன்னார்ங்கறது வேற விஷயம். சொன்னார்னே போட்டுடலாமா?" எழுதிக் காட்டினாள். அனைவரிடமும் அன்பாக இருந்தேன் எனத் தம் இறுதி நாட்களில் கூறியவர். "இதுல உங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்னா இப்பவே அனுப்பிடறேன். ஆனா இது உணர்ச்சி இல்ல, செய்தி. ஆதாரம் வேணும். அப்போ கூட யார் இருந்தாங்க?"

"நான் மட்டும்தான்," என்றார் மெக்கானிக்.

"நர்ஸ்?"

"இல்ல."

"அப்ப உங்க அக்கா உங்க வார்த்தையை ஏத்துக்கிட்டதா கையெழுத்து போடணும். வேற வழி இல்ல."

அக்கா தம்பியை உற்றுப் பார்த்தாள். மெக்கானிக் நெளிந்தார்.

"சின்ன வயசுல இவன் பொய் சொன்னா காது செவந்துடும்," என்றாள் கட்டம்மாவிடம். "இப்ப எப்பவுமே செவப்பாத்தான் இருக்கும்போல."

"மொட்டை மாடி வெயில்லயே வேலைக்கா," என்றார் அவர்.

அவள் சிரிப்பாள் என்று கட்டம்மா நினைத்தாள். சிரிக்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, கீழே தொலைபேசி எண்ணையும் முகவரியையும் எழுதினாள். ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை. எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை.

அதே நேரத்தில் மெக்கானிக்கின் போன் அடித்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்ட் நின்றுபோய் உள்ளே நாலு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்களாம். "அக்கா, நான்... வந்துடறேன்," என்று எழுந்தார். எங்கே வருவார், எப்போது வருவார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கருவிப்பை கதவில் இடிக்க ஓடினார்.

காற்புள்ளி தாளை வாங்கிப் படித்தார். சாப்பாட்டு மேசையாக இருந்திருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். இப்போது, "'இருந்தேன்' வரைக்கும் மேற்கோள்குறி போடணும்," என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"போடுங்க."

ஐந்து மணிக்கு நடையில் வக்கீல் எதிர்ப்பட்டார். "என்னாச்சு? செய்தியா, உணர்ச்சியா?"

"கையெழுத்து வாங்கியாச்சு சார்," என்றாள் கட்டம்மா. நின்று பேசவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தாள். கட்டம்மாவைப் பார்த்ததும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள். அலுவலகம் விட்ட கூட்டம் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"அவன் பொய் சொன்னான்னு நினைக்கறீங்களா?" என்று அவள் கேட்டாள்.

இந்த மாதிரி நேரத்தில் சொல்வதற்கென்று கட்டம்மாவிடம் நாலைந்து வாக்கியங்கள் தயாராக இருக்கும். அன்று அவற்றை எடுக்கவில்லை. "தெரியலம்மா. இத்தனை வருஷம் உட்கார்ந்து கேட்டுட்டேன். எது உண்மை எது பொய்னு கண்டுபிடிக்க மட்டும் எனக்கு வரல."

"அப்பா அப்படிப் பேசற ஆளே இல்ல. அன்புங்கற வார்த்தை அவர் வாயில வந்து நான் கேட்டதே இல்ல. அதான் சந்தேகமா இருக்கு." அவள் பையின் வாரை விரலில் சுற்றினாள். "நிஜமா இருந்தா அப்பா சொன்னது. பொய்யா இருந்தா இவன் எனக்காக, அங்க உட்கார்ந்து, அஞ்சு நிமிஷத்துல ஜோடிச்சது. எதுவா இருந்தாலும் அந்த வீட்டுல யாரோ ஒருத்தர்..."

முடிக்கவில்லை. அவளுடைய பேருந்து வந்துவிட்டது. ஏறும்போது திரும்பி, "உங்க கால் ரொம்ப வீங்கியிருக்கு. ரத்தத்துல உப்பு எவ்வளவு இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. எங்க கூடத்துக்கே வாங்க," என்றாள். கட்டம்மா தலையாட்டினாள்.

அன்று இரவு கணவர் வழக்கம்போல் டீயை வைத்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்தார். அவள் அதிசயமாகப் பேசினாள். "நான் உங்ககிட்ட அன்பா இருக்கேனா?"

கணவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து, இதில் ஏதும் வம்பு இருக்கிறதா என்று அவளைப் பார்த்தார். "ஏன், யாராவது கேட்டாங்களா?"

"சும்மாதான்."

"சோர்வா இருக்கே. போய்ப் படு," என்றார். அவளும் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அறிவிப்பு ஏழாம் பக்கத்தில் மேற்கோள்குறியோடு வந்திருந்தது. ஒன்பதரை மணிக்குப் போன். மெக்கானிக்தான்.

"மேடம், அக்கா நேத்து தாள்ல நம்பர் எழுதினாங்களே, அதைக் கொஞ்சம் குடுக்க முடியுமா? அவசரத்துல வாங்காம விட்டுட்டேன்."

படிவத்தில் இருக்கிற விவரம் எதையும் வெளியில் கொடுக்கக் கூடாது. அதுவும் அந்தச் சுற்றறிக்கையிலேயே இருந்தது. கட்டம்மா, "கொஞ்சம் இருங்க, நானே கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டு, பரிசோதனைக் கூடத்துப் பெண்ணுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் ஏதோ இயந்திரம் சுழலும் இரைச்சல்.

"உங்க தம்பி நம்பர் கேக்கறார். குடுக்கலாமாம்மா?"

இரைச்சல் சட்டென்று நின்றது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கட்டம்மா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"குடுங்க," என்றாள் அந்தப் பெண் கடைசியில். "ரெண்டு மணிக்கு மேல கூப்பிடச் சொல்லுங்க. அதுவரைக்கும் கையில வேலை இருக்கும்."

கட்டம்மா எண்ணை மெக்கானிக்குக்குச் சொன்னாள். அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். நன்றி சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே வைத்துவிட்டார். சன்னலுக்கு வெளியே ஒரு பெரியவர் தாளை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் கண்ணாடியைத் தள்ளித் திறப்பதற்குள்ளேயே அவர் சொல்லத் தொடங்கிவிட்டார், காலையில் டாக்டர் என்ன சொன்னார் என்பதிலிருந்து.